தங்கச்சி பேராசிரியர் தேடிய வருஷம்

நனைந்த எம்-சாண்டுக்கு ஒரு வாசனை உண்டு. ஆற்று மணலின் வாசனை வேறு. அதற்குள் எங்கேயோ ஒரு மீன் இருக்கும், கொஞ்சம் பாசி இருக்கும். இது அரைத்த கல்லின் வாசனை. சிலேட்டை எச்சில் தொட்டு அழித்தால் மூக்கில் ஏறுமே, அது. பெங்களூரில் நான் படம் வரையும் கட்டட நிறுவனத்தின் வாசலில் போன வாரம் ஒரு லோடு கொட்டினார்கள். கொட்டி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. டீ கிளாஸோடு ஓரமாக ஒதுங்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் ஊர் சைனைட் மேடு முதல் மழைக்கு இப்படித்தான் மணக்கும்.

கோலார் தங்க வயலில் பிறந்தவர்களுக்கு மேட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பூமிக்குள்ளிருந்து கல்லை எடுத்து, மாவாக அரைத்து, சைனைட் விட்டு, தங்கத்தைப் பிரித்துக்கொண்ட பிறகு மிஞ்சியதைத் தலைமுறை தலைமுறையாகக் கொட்டி வளர்த்த சாம்பல் நிற மலைகள் அவை. சுரங்கத்தை மூடிவிட்டார்கள். மலைகளை மூட முடியவில்லை. ஆடிக் காற்றில் அவை எழுந்து பாலகாட்டுத் தொழிலாளர் லைனில் எங்கள் வீட்டுக்குள் வரும், துவைத்த துணியில் உட்காரும், சோற்றில் நறநறக்கும். நாங்கள் அவற்றைத் திட்டுவதுகூட இல்லை. வீட்டில் ஒரு ஆளாகிவிட்டதை யார் திட்டுவார்கள்.

அந்த வாசனையோடு எனக்கு வந்தது என் சின்ன வயசு இல்லை. தங்கச்சி வந்தாள். முப்பத்தைந்தைத் தாண்டிய தங்கச்சி. துப்பட்டாவை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, மேட்டுச் சரிவில் ஒரு வேலிக்கருவை மரத்தடியில் குந்தி, புல்லை விரலால் விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவள். அவளுக்கு ஒரு பேராசிரியர் தேவைப்பட்ட வருஷம் அது.

அவள் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் உயிரியல் டீச்சராக இருந்தாள். தாவரவியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, மேலே ஆராய்ச்சி பண்ணப் போகிறேன் என்று அவள் சொன்ன வருஷம் கல்யாணம் வந்தது. பிறகு அந்தக் கல்யாணம் போனது. போன கதையை எழுதும் உரிமை அவளுடையது, என்னுடையது இல்லை. போன பிறகு அவள் எங்கள் வீட்டு நடு அறையில் தன் புத்தகங்களை அடுக்கினாள், அடுக்கிய கையோடு பழைய வாக்கியத்தையே மறுபடியும் சொன்னாள்: மேலே படிக்கப் போகிறேன்.

ஆஸ்திரேலியாவில் தங்கச் சுரங்கங்கள் உள்ள பக்கமாக ஒரு பல்கலைக்கழகம். சுரங்கம் கக்கிப் போட்ட மண்ணில் செடி எப்படிப் பிழைக்கிறது என்று ஆராய அங்கே ஒரு துறையே இருக்கிறதாம். ஆனால் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே ஒரு வாசற்படி இருந்தது. அந்தத் துறையில் யாராவது ஒரு பேராசிரியர், 'இந்தப் பெண்ணை நான் வழிநடத்துகிறேன்' என்று சம்மதிக்க வேண்டும். ஒரே ஒருவர் போதும். அந்த ஒருவர் கிடைக்காவிட்டால் விண்ணப்பமும் இல்லை, உதவித்தொகையும் இல்லை, ஒன்றும் இல்லை. இந்தத் தடவை நடக்காவிட்டால் அடுத்த வருஷம் இதைக் கேட்கிற தைரியம் தனக்கே இருக்காது என்று என்னிடம் மட்டும் சொன்னாள். அவள் அதைச் சொன்ன விதத்தில் அழுகை எதுவும் இல்லை. பால் பாக்கெட் தீர்ந்துபோச்சு என்கிற மாதிரிதான் சொன்னாள். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

அம்மா இதைத் தன் வழியில் புரிந்துகொண்டாள்.

"மாப்ள பாக்குற மாதிரிதான் கீது. போட்டோ அனுப்பணுமா?"

போட்டோ வேண்டாம், இதுவரை என்ன படித்தேன், என்ன செய்தேன் என்று எழுதி அனுப்ப வேண்டும் என்றாள் தங்கச்சி.

"அதான் ஜாதகம்" என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் கீரை ஆய்ந்துவிட்டு, "அங்கயும் மேடு கீதா?" என்று கேட்டாள்.

"கீதும்மா. நம்மளத விடப் பெருசு."

"மேட்டப் பாக்க எதுக்குடி ப்ளேன் ஏறணும்? கதவத் தொறந்தா கீது."

தங்கச்சி சிரித்தாள். ஆனால் எழுதவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து லேப்டாப்பைத் திறப்பாள். 'மதிப்பிற்குரிய' வரைக்கும் அடிப்பாள். அந்தத் துறையின் பக்கத்தில் வரிசையாக முகங்கள், ஒவ்வொரு முகத்தின் கீழும் நீளமான பட்டியல். பார்த்துக்கொண்டே இருப்பாள். பிறகு மூடிவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விடுவாள். எத்தனை சாயங்காலம் அப்படிப் போயிற்று என்று தெரியாது. தினமும் வேலை முடிந்து பெங்களூர் ரயிலில் இருந்து இறங்கி நான் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் அந்தத் திரை மூடிக்கொள்ளும் சின்னச் சத்தம் கேட்கும்.

அப்போதுதான் நைனா இதில் இறங்கினார்.

எங்கள் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். சுரங்கத்தில் டைம் ஆபீஸ் கிளார்க். எந்த ஷிப்டில் யார் குழிக்குள் இறங்கும் கேஜில் ஏறினார்கள், யார் மேலே வந்தார்கள் என்று எழுதி வைக்கிற வேலை. ஆனால் லைனில் அவருக்கு மரியாதை வந்தது அந்த வேலையால் இல்லை, மனுவால். தண்ணீர் வரவில்லையா, கூரைத் தகடு பறந்துவிட்டதா, பென்ஷன் நின்றுவிட்டதா, நைனா வீட்டுக்கு வருவார்கள். அவர் இங்கிலீஷில் மனு எழுதுவார். எழுதுவதைவிட முக்கியம் அதன் அடியில் வருவது: நகல், நகல், நகல். மேனேஜருக்குப் போகிற மனு யூனியனுக்கும் போகும், சானிட்டரி ஆபீசுக்கும் போகும், எம்.எல்.ஏ.வுக்கும் போகும், கோலார் ஜில்லா ஆபீசுக்குப் போகும், ஒரு பேப்பர்காரனுக்கும் போகும். ஒருத்தருக்கு மட்டும் எழுதினால் அவர் அதை டிராயரில் போட்டுப் பூட்டிவிடுவார். ஊருக்கே எழுதினால் எவரும் 'நான் பார்க்கவில்லை' என்று சொல்ல முடியாது. இது நைனா கண்டுபிடித்ததில்லை. தங்க வயல் முழுக்க இப்படித்தான் கேட்டது. கேட்டு, சில நேரம் தண்ணீரும் வந்தது. யார் சொல்லி வந்தது என்று கடைசி வரை தெரியாது. தண்ணீர் வந்தால் போதாதா.

தங்கச்சி தவிப்பதைப் பார்த்து அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு லேப்டாப் பக்கத்தில் உட்கார்ந்தார். மெயிலில் பெறுநர் கட்டத்தின் கீழே இருந்த இன்னொரு கட்டத்தைப் பார்த்து இது எதற்கு என்று கேட்டார். அது கார்பன் காப்பிக்கு என்று அவள் சொன்னதும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். விரல் நுனி நீலமாக எத்தனை வருஷம் கார்பன் தாளோடு கிடந்தவர். "இதுலயும் கார்பன் வெச்சிக்கீறாங்களா" என்று, சொந்தக்காரனை எதிர்பாராமல் வெளியூரில் பார்த்த மாதிரி சிரித்தார்.

அவர் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். மேன்மை தங்கிய ஐயா அவர்களின் மேலான கவனத்துக்குப் பணிவோடு கொண்டுவருவது என்னவென்றால் என்று ஆரம்பித்து, வட ஆற்காட்டிலிருந்து குழிக்குள் இறங்க வந்த தாத்தா, அவர் நுரையீரலில் ஏறிய கல் தூசி, மூடப்பட்ட சுரங்கம், கஷ்டப்படும் குடும்பம், படிப்பில் ஆர்வமுள்ள பெண் என்று அது போயிற்று. எல்லாமே உண்மை. ஒரு வரிகூடப் பொய் இல்லை. கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு முடிந்தது. பிறகு அந்தத் துறையில் இருந்த அத்தனை பேருடைய முகவரிகளும், ஒருவர் விடாமல், அந்தக் கட்டத்துக்குள் வரிசையாக நின்றன.

அவளுக்கு இது சரியில்லை என்று தெரியாமலா இருந்திருக்கும்? படித்தவள். பின்னால் ஒரு நாள் கேட்டேன். தெரியும் என்றாள். ஆனால் எல்லாருக்கும் எழுதுவது சுலபமாக இருந்தது, யாருக்கும் எழுதாத மாதிரி இருந்தது என்றாள்.

அனுப்பினாள். அப்புறம் மௌனம்.

மௌனம் என்றால் என்ன என்று எனக்கு ஓரளவு தெரியும். நான் எழுதுகிற துண்டு துண்டான உரைநடையைப் பத்திரிகைகளுக்கு அனுப்பி, பதில் வராமல், வராததையே ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு நடுவயசுக்கு வந்தவன். ஆனால் வீட்டில் இன்னொருத்தர் காத்திருப்பதை வேடிக்கை பார்ப்பது வேறு. அவள் போனை எடுக்கும் விதமே மாறிவிட்டது. நேராக எடுக்க மாட்டாள். மணி பார்க்க எடுப்பதாக எடுப்பாள், சார்ஜ் இருக்கிறதா என்று எடுப்பாள். எடுத்து, பார்த்து, வைப்பாள். நைனா மட்டும் நிம்மதியாக இருந்தார். மனு போட்டால் நாள் ஆகும், பெரிய ஆபீஸ் என்றால் இன்னும் ஆகும், கீழிருந்து மேலே போய் மேலிருந்து கீழே வர வேண்டாமா என்றார். அவர் வாழ்க்கையில் பதில் என்பது மழை மாதிரி. யார் அனுப்பியது என்று கேட்கிற பழக்கம் இல்லை.

பதில் வந்தது. ஒரே ஒரு பதில். அவள் அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஊறப்போடாத துணிகளை எடுத்துக்கொண்டு துவைக்கப் போய்விட்டாள். துவைத்து, பிழிந்து, கொடியில் போட்டு, வந்து கையைத் துடைத்துக்கொண்டு எங்களுக்குப் படித்துக் காட்டினாள்.

எழுதியவர் ஒரு பேராசிரியை. உங்கள் கடிதம் எங்கள் எல்லாருக்கும் வந்தது என்று ஆரம்பித்திருந்தார். வேறு யாராவது பதில் எழுதியிருப்பார்கள் என்று நான் இருந்துவிட்டேன், இன்று மதியம் சாப்பிடும்போது பேச்சு வந்தது, எல்லாருமே அப்படித்தான் இருந்திருக்கிறோம், மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் தாத்தாவைப் பற்றிய பகுதியை இரண்டு முறை படித்தேன். ஆனால் ஒன்று எனக்குப் புரியவில்லை. நீங்கள் எதைக் கண்டுபிடிக்க விரும்புகிறீர்கள்? எங்களில் யாரோடு? அவ்வளவுதான். கீழே முதல் பெயர் மட்டும்.

"பாத்தியா" என்றார் நைனா. "எல்லாருக்கும் போட்டதாலதான ஒருத்தர்னா பதில் போட்டாங்க."

அதுவும் உண்மைதான். ஆனால் அவருக்கு அந்தக் கையெழுத்துதான் உறுத்தியது. பதவி இல்லை, சீல் இல்லை, வெறும் பெயர். இப்படிப் பெயரை மட்டும் போடுகிறவர்களுக்கு அதிகாரம் இருக்குமா என்று சந்தேகப்பட்டார். பதில் எழுதும்போது மற்ற எல்லாருக்கும் நகல் போடச் சொன்னார். இந்தம்மா கவனித்திருக்கிறார் என்று மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும் இல்லையா.

தங்கச்சி வேண்டாம் என்றாள்.

"ஒருத்தர நம்பி ஒரு காயிதம் குடுக்கக் கூடாதும்மா" என்றார் நைனா. குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். "அவங்க லீவுல போனா? மாத்தலாகிப் போனா? உன் காயிதம் அவங்க டிராயர்லயே கெடக்கும். கேக்கறதுக்கு ஆள் இருக்காது."

"கெடக்கட்டும் நைனா. இல்லாட்டி வேணாம்னு சொல்லட்டும். எனக்குன்னு சொல்லட்டும். நமக்கு இதுவரைக்கும் யாருனா வேணாம்னு சொல்லிக்கீறாங்களா? பதிலே சொல்லாமதான இருந்துட்டாங்க."

நைனா பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். படித்த பேப்பர். அவர் அதற்குப் பின்னால் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைக்கிறேன். ஒரு ஆயுசு முழுக்க எழுதிய மனுக்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்திருப்பார். தனியாக நின்று கேட்க இடமில்லாத ஊரில் அவர் கூட்டமாக நின்று கேட்கக் கற்றுக்கொண்டவர். அது கோழைத்தனம் இல்லை. அதுதான் அவர்களிடம் இருந்த ஒரே கெட்டிக்காரத்தனம். ஆனால் கூட்டத்துக்கு எழுதுகிறவர் கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளவும் முடியும். அவள் வெளியே வந்து நிற்கப் பார்த்தாள்.

எதைக் கண்டுபிடிக்க? அந்தக் கேள்வியோடுதான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேட்டுக்குப் போனோம். முந்தின நாள் மழை. சரிவு கெட்டித்து, கால் புதையாமல் இருந்தது. அந்தக் கல் வாசனை முழங்கால் உயரத்துக்கு நின்றது.

மேட்டில் எதுவும் வளராது என்றுதான் நான் வாழ்நாள் பூராவும் சொல்லிவந்திருக்கிறேன், எழுதியும் இருக்கிறேன். அவள் என் கையைப் பிடித்துத் திருப்பிக் காட்டினாள். மழை அறுத்த ஓடைகளின் ஓரமாக வேலிக்கருவை முளைத்திருந்தது. ஒவ்வொரு கருவையின் காலடியிலும், நிழல் விழும் வட்டம் அளவுக்கு, புல். அந்த வட்டத்தைத் தாண்டி ஒரு பச்சை கிடையாது. பள்ளிக்கூடத்து ஜன்னலிலிருந்து இதைத்தான் அவள் வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். மரம் வந்து புல்லைக் கூப்பிட்டதா, புல் வந்து தூசியைப் பிடித்து வைத்ததால் மரம் வந்ததா? யார் முதலில்?

அதை எப்படிச் சொல்ல முடியும் என்றேன். மரத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால்தானே தெரியும்.

"எடுத்துட்டாங்கண்ணா" என்றாள்.

விறகுக்கு வெட்டிக்கொண்டு போன அடிக்கட்டைகள் சரிவெங்கும் இருந்தன. சிலவற்றைச் சுற்றிப் புல் அப்படியே இருந்தது. சிலவற்றைச் சுற்றி வெறும் சாம்பல். வெட்டி எத்தனை நாள் ஆயிற்று என்று தெரிந்துவிட்டால், மரம் போன பிறகு புல் எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கிறது என்று கணக்கு வரும். அப்போதுதான் எங்கள் லைனைச் சேர்ந்த ஒரு அக்கா தலையில் சும்மாட்டோடு ஏறி வந்தார். தங்கச்சி புல்லின் வேரைத் தோண்டிப் பையில் போடுவதைப் பார்த்து நின்றார்.

"இன்னா டீச்சரம்மா, ஞாயித்துக்கெழம கறி வாங்கலயா? வேர வெச்சி கொழம்பா?"

தங்கச்சி பக்கத்தில் இருந்த அடிக்கட்டையைக் காட்டி, இது எப்போது வெட்டியது தெரியுமா என்று கேட்டாள். அக்காவுக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. இது என் பெரியவள் வளைகாப்புக்கு நான் வெட்டியது, அது கோடி வீட்டில் சாவு விழுந்தபோது, அதோ அது போன மாரியம்மன் திருவிழாவுக்குப் பொங்கல் வைக்க என்று, சொந்த வீட்டு அலமாரியைக் காட்டுவது மாதிரிக் காட்டிக்கொண்டே போனார். தங்கச்சி என்னைப் பார்த்தாள். துப்பட்டாவுக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. அது போதுமானதாக இருந்தது.

அன்று சாயங்காலமும் அடுத்து வந்த சில சாயங்காலங்களும் அவள் அந்தப் பேராசிரியை எழுதிய கட்டுரைகளைப் படித்தாள். மற்றவர்களுடையதை மூடிவிட்டாள். படிக்கப் படிக்க அந்த அம்மாளோடு சண்டை போட ஆரம்பித்தாள். இதை ஏன் வேலி போட்ட இடத்தில் மட்டும் பார்த்திருக்கிறார், ஆடு மேய்கிற இடத்தில் ஏன் பார்க்கவில்லை என்று சப்பாத்தி தேய்த்துக்கொண்டே கேட்பாள். அம்மா, யாரடி அது, உன்னை என்ன பண்ணினாள் என்பாள்.

பிறகு எழுதினாள். நான் உதவுகிறேன் என்று போய் உட்கார்ந்து, என் பங்குக்கு ஒரு வரி கொடுத்தேன். பூமி தன் தங்கத்தை இழந்த பிறகு அணிந்துகொண்ட சாம்பலில் ஒரு புல் எழுதும் பச்சைக் கையெழுத்து, என்கிற மாதிரி ஏதோ. அவள் அதை மரியாதையாக ஒரு முறை படித்தாள்.

"நல்லாதான் கீதுண்ணா. இத நீ உன் புக்குல வெச்சிக்கோ" என்று சொல்லி அழித்துவிட்டாள்.

அவள் எழுதியது சின்னக் கடிதம். உங்களோடுதான் வேலை செய்ய விரும்புகிறேன். உங்கள் கட்டுரையில் இந்த இடத்தில் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. என் வீட்டுக்குப் பின்னால் இப்படி ஒரு மேடு இருக்கிறது, இப்படி அடிக்கட்டைகள் இருக்கின்றன, எது எப்போது வெட்டப்பட்டது என்று எங்கள் தெருவில் கேட்டால் தெரியும். இவ்வளவுதான். கூட நாலைந்து படங்கள். தாத்தா இல்லை, கருணை இல்லை. கடிதத்தின் ஆரம்பத்தில் அந்த அம்மாளின் முதல் பெயரை அடிக்க அவளுக்குக் கை வரவில்லை. மேடம் என்று போட்டாள், அழித்தாள், மறுபடி போட்டாள். கடைசியில் பெயரை அடித்துவிட்டு, குளிர்ந்த தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்கிறவள் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள். நகல் கட்டம் காலியாக இருந்தது. நைனா தூரத்திலிருந்தே அதைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்.

வீடியோவில் பேசலாமா என்று பதில் வந்தது. அவர்கள் ஊரில் நமக்கு முன்னாலேயே விடிந்துவிடும். அங்கே அலுவலக நேரம், இங்கே பல் தேய்க்கும் நேரம். அன்றைக்கு நான் ரயிலை விட்டுவிட்டேன். என் போனிலிருந்து நெட் கொடுக்க வேண்டும் என்று காரணம் சொன்னேன். அவள் நடு அறையில் மேசையைச் சுவரோரம் நகர்த்தி, பள்ளிக்கூடத்துக்குக் கட்டும் புடவையோடு உட்கார்ந்தாள். நாங்கள் மூன்று பேரும் சமையலறையில். நைனாவை யாரும் கூப்பிடப்போவதில்லை. ஆனாலும் ஷேவ் செய்து, வெளுத்த சட்டையைப் போட்டுக் கழுத்துப் பித்தான் வரை மாட்டியிருந்தார். அம்மா அடுப்பைப் பற்றவைக்கவில்லை. சத்தம் வரும் என்று.

இங்கிலீஷ் பேச்சு கதவைத் தாண்டி வந்தது. அம்மாவுக்குப் புரியாததை நைனா கண்ணாலேயே மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். நன்றாகப் போனது. அடிக்கட்டைகளைப் பற்றி அந்த அம்மாள் திரும்பத் திரும்பக் கேட்டார். வளைகாப்பு என்றால் என்ன என்று கேட்டார். தங்கச்சி சொன்னாள். பிறகு அவர் கேட்டார், உங்களுக்கு என்ன தோன்றுகிறது, மரமா புல்லா, எது முதலில்?

நெட் போய்விட்டதோ என்று நான் போனைப் பார்த்தேன். போகவில்லை.

தெரியவில்லை, என்றாள் தங்கச்சி.

நைனா நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "போச்சு" என்றார், மூச்சாக. "விசாரிச்சி தெரிவிக்கிறேன்னு சொல்லணும். தெரியாதுன்னு யாருனா ஆபீசர்கிட்ட சொல்லுவாங்களா?" அம்மா அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

உள்ளே தங்கச்சி தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தாள். தெரியவில்லை, ஆனால் எப்படித் தெரிந்துகொள்வது என்று யோசித்து வைத்திருக்கிறேன் என்று ஆரம்பித்து, இந்தச் சரிவு, அந்தச் சரிவு, வெட்டியது, வெட்டாதது என்று போனாள். அவள் குரலில் இருந்த பள்ளிக்கூடத் தொனி போய்விட்டது, பயம் போய்விட்டது, பாதியில் அந்த அம்மாளையே மறித்து இல்லை இல்லை என்றாள். அங்கிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. தொண்டையைத் திறந்து சிரித்த சிரிப்பு.

அவள் வெளியே வந்து சொம்பில் தண்ணீர் எடுத்துக் குடித்தாள். முழுசாகக் குடித்தாள். நாங்கள் மூன்று பேரும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சரின்ட்டாங்க" என்றாள்.

அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள்.

"எழுத்துல குடுப்பாங்களா?" என்றார் நைனா.

மத்தியானத்துக்குள் எழுத்திலும் வந்தது. வழக்கம்போலக் கீழே முதல் பெயர் மட்டும். நைனா அதைத் தங்கச்சியின் போனில் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தார். சாயங்காலம் லைனில் யாரோ தண்ணீர் மனுவுக்காக வந்து கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு விண்ணப்பம், தேர்வு, விசா எல்லாம் அதனதன் நேரத்தில், அதனதன் எரிச்சலோடு நடந்து முடிந்தன. அவற்றில் சொல்ல ஒன்றும் இல்லை. நடுவில் நைனா அந்தப் பேராசிரியையைப் பற்றி வாயே திறக்கவில்லை. எங்களுக்குள் பேச்சு வந்தால் கேட்காத மாதிரி இருப்பார். அந்த ஒருவர் லீவில் போய்விடுவார், மாற்றலாகிவிடுவார் என்று கடைசி வரை அவர் பயந்தார் என்றுதான் நினைக்கிறேன். அல்லது, தான் நம்பாத ஒருவர் தன் பெண்ணிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது அவரை எங்கேயோ தொட்டிருக்கலாம். எனக்குத் தெரியாது. கேட்கிற மாதிரியான வீடு இல்லை எங்களுடையது.

கிளம்பும் நாளில் காரெல்லாம் வேண்டாம், ரயிலிலேயே போகலாம் என்றாள். மாரிகுப்பத்தில்தான் ரயில் புறப்படும், அதனால் வண்டி நின்றுகொண்டே இருக்கும், அவசரம் இல்லாமல் பெட்டியை ஏற்றலாம். விமான நிலையம் வரை நான் கூடப் போவது. அம்மாவும் நைனாவும் ஸ்டேஷனோடு நிற்பது. அம்மா ஜன்னல் வழியாக அவள் முகத்தைத் தடவித் தடவி, எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலை எந்தப் பெட்டியில் வைத்தாய் என்று கேட்டதையே கேட்டுக்கொண்டிருந்தாள். நைனா இரண்டடி தள்ளி, ரயிலைச் சரிபார்க்க வந்தவர் மாதிரி சக்கரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதே வெளுத்த சட்டை. கழுத்துப் பித்தான் மாட்டியிருந்தது.

வண்டி நகர்ந்தது. அம்மா நடக்க ஆரம்பித்தாள். நைனா அவளைத் தாண்டிக்கொண்டு, அவர் வயசுக்கு வேகமாக, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே வந்தார். தங்கச்சி அவர் கைமேல் கையை வைத்தாள். அவருக்கு மூச்சு வாங்கியது.

"அந்தம்மாவ நான் கேட்டேன்னு சொல்லு" என்றார்.